கோ. நடேசய்யரின் பத்திரிகைப் பணியும் மலையகமும்

மலையகத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கோ. நடேசய்யரைத் (1887–1947) தொழிற்சங்கவாதியாகவும் சட்டசபை உறுப்பினராகவும் கணிப்பதே வழக்கம். இக்கணிப்பு முழுமையானதன்று. அவரது பொதுவாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் பத்திரிகையோ பிரசுரமோ உடன்சென்றிருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையினராக இருந்த ஒரு சமூகத்துக்கு எழுதுவது எங்ஙனம் என்ற வினாவை அவர் எதிர்கொண்ட விதம் நமது தனிக் கவனத்துக்குரியது.

தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்னும் இதழை நடத்திய நடேசய்யர், 1920ஆம் ஆண்டளவில் கொழும்பில் நிலைகொண்டார். 1921இல் தொடங்கிய 'தேசநேசன்', இலங்கையின் முதலாவது தமிழ் நாளிதழாகக் கருதப்படுவது. 1924இல் 'தேசபக்தன்' தோன்றிற்று. ஏ. ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் துணைத் தலைவராயிருந்த அவர், நகரத் தொழிலாளரின் குரலாகவே இப்பத்திரிகையை நடத்தினார். 1925இல் சட்டநிரூபண சபைக்கும் தெரிவானார். எனினும் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான உணர்வு தொழிலாளர் இயக்கத்தினுள்ளேயே தலைதூக்கியபோது, 1920களின் இறுதியில் இருவரும் பிரிந்தனர். தொழிலாளர் ஒற்றுமையை இனவுணர்வு உடைத்த தொடக்க நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாகும்.

கொழும்புத் துறைமுகத் தொழிலாளியை அடைவதும் தோட்டத் தொழிலாளியை அடைவதும் ஒன்றல்ல. தோட்டம் தனியார் உடைமை. அந்நியர் நுழைவது அத்துமீறற் குற்றம். தபால்கூடத் தோட்டக் காரியாலயத்தைக் கடந்தே லயத்துக்கு வரும். நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்று கூறப்படுகிறது. செய்தியைத் திரட்டுவதற்கே மாறுவேடம் வேண்டியிருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில், பத்திரிகையைக் கொண்டுசேர்ப்பது எவ்வளவு கடினமாயிருந்திருக்கும்!

1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் ஹட்டனில் நிறுவியதன் பொருளை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய தோட்டப் பகுதிகளுக்கெல்லாம் ஹட்டனே புகையிரத நிலையமும் கடைவீதியும். தோட்டத்துக்குள் பேச இயலாதவர், சம்பள நாளுக்குப் பின் தொழிலாளரே இறங்கிவரும் நகரத்தில் பேசலாம் அல்லவா?

அவரது எழுத்தின் வடிவமும் மாறிற்று. 'வெற்றியுனதே', 'நீ மயங்குவதேன்' போன்ற உரைநடை நூல்களும், தொழிலாளர் நிலையைக் கூறும் ஒரு நாடகமும் இக்காலகட்டத்தின. இவற்றினும் நெடுந்தூரம் சென்றவை பாட்டுகளே எனலாம். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடினார். அவரது பாடல்கள் சிறு பிரசுரமாகவும் வந்தன. ஒருவர் பாட, பலர் கேட்டு மனனஞ்செய்து லயத்துக்குக் கொண்டுபோகும் பாட்டுக்குக் காவற்காரன் தடைபோட இயலாது. மீனாட்சியம்மையைக் கணவரின் நிழலாகக் காட்டும் கட்டுரைகள், இச்செய்தித் தொடர்பில் அவர் ஆற்றிய பங்கைக் குறைத்தே மதிப்பிட்டுள்ளன.

சட்டத்தை எளிய தமிழில் விளக்குவதும் அப்பணியின் கூறாக இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் 1929இல் விதிக்கப்பட்டன. உலகப் பொருளாதார மந்தத்தின்போது அதுவும் குறைக்கப்பட்டது. தன் கூலி சட்டத்தால் விதிக்கப்பட்டதென்பதையே அறியாத தொழிலாளிக்கு, கங்காணியின் கணக்கே சட்டம். அந்தக் கணக்கைக் கேள்விக்குள்ளாக்கும் அறிவை வழங்கியதனாலேயே துரைமார் அவரை வெறுத்தனர்.

1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, 1947 வரை அங்கம் வகித்தார். ஆயினும் 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரசும், அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கமும் தோன்றியபின் அவரது செல்வாக்கு சுருங்கிற்று. சம்மேளனம் அவரது ஆளுமையையே பெரிதும் சார்ந்திருந்தமை அதன் பலவீனம் என்பதை மறுப்பதற்கில்லை. 1947 நவம்பரில் அவர் மறைந்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அவர் யாருக்காக எழுதினாரோ அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

அவரைப் பற்றிய விரிவான ஆய்வு, மலையக எழுத்தாளர் சாரல் நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூலாக வெளிவந்தது 1988இலேதான். பத்து ஆண்டுகளின் பின் அவரே 'பத்திரிகையாளர் நடேசய்யர்' என்ற நூலையும் எழுதினார். பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நின்ற ஒருவர் இப்பணியைச் செய்ய நேர்ந்தது, பல்கலைக்கழகத்தாராகிய நாம் சிந்திக்கவேண்டிய செய்தி.