தம்பியின் டிராக்டரும் மூன்று சட்டிக் கலப்பையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கிறது. திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உங்கள் தம்பி போன் செய்கிறான்.

"அக்கா, பக்கத்து ஊர்லே ஒருத்தர் மூணு சட்டிக் கலப்பையை மலிவாக் கொடுக்கிறார். கோடை உழவுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும். அத்தான்கிட்டே சொல்லிக் கொஞ்சம் பணம் அனுப்பினா, அறுவடை முடிஞ்சதும் திருப்பிடறேன்."

தம்பி கேட்டு இல்லை என்று சொல்ல எந்த அக்காவுக்கு மனம் வரும்? பணத்தை அனுப்புவது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் அவனிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். "பட்டணத்திலே இருக்கிற அக்காவுக்குக் கலப்பையைப் பற்றி என்ன தெரியும்?" என்று அவன் முதலில் சிரிப்பான். சிரிக்கட்டும்.

முதலில் சட்டி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். குழம்பு வைக்கும் சட்டி அல்ல. சற்றே குழிந்த வட்டமான எஃகுத் தட்டு. டிராக்டர் இழுக்க இழுக்க அது சுழன்று, மண்ணை வெட்டிப் புரட்டிப் போடும். வெயிலில் காய்ந்து இறுகிக் கிடக்கும் நிலத்துக்கு ஏற்ற கருவிதான். கேள்வி கலப்பையைப் பற்றியதல்ல. அதை இழுக்கப்போவது யார்?

"நம்ம அப்பா வாங்கின மேஸிதான் அக்கா. 35 குதிரை!"

அந்த 35 குதிரை என்பது எஞ்சினின் சம்பளம். கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்க வேண்டாமா? பற்சக்கரங்களைச் சுழற்றுவதில் கொஞ்சம் போகும், டயர் நசுங்குவதில் கொஞ்சம் போகும், மண்ணில் சறுக்குவதில் இன்னும் கொஞ்சம் போகும். பொறியியல்காரர்கள் வைத்திருக்கும் குத்துமதிப்புக் கணக்கின்படி, புது எஞ்சினில் 35 குதிரை இருந்தால் பின்புறம் சுழலும் தண்டுக்கு வருவது 30. கெட்டியான நிலத்தில் கலப்பையை இழுக்கக் கிடைப்பது 22. ஏற்கெனவே உழுது பொலபொலத்த மண்ணில் 19தான். இதுவும் புது வண்டிக்கு. அப்பா காலத்து வண்டியில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும். பிடித்தம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அடுத்த கேள்வி, மண். இந்தக் கணக்கு பால் கணக்கைவிட எளிது; பயப்படாதீர்கள். ஒரு சட்டி சுமார் 25 சென்டிமீட்டர் அகலம் மண்ணை வெட்டும். மூன்று சட்டிக்கு 75. ஆழம் 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பெருக்கினால் 1,500 சதுர சென்டிமீட்டர். மணல் கலந்த மண்ணானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிலோ எதிர்ப்பு. மொத்தம் 450 கிலோ இழுவை. களிமண்ணானால் 0.8 கிலோ வரை போகும். மொத்தம் 1,200 கிலோ! பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் விளையாட்டுப்போல் ஓடும் கலப்பை, உங்கள் தம்பியின் களியில் ஏறக்குறைய மூன்று மடங்கு கனக்கும்.

இந்த இழுவையை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தால் பெருக்கி 270ஆல் வகுத்தால் குதிரைசக்தி வந்துவிடும். 1,200 கிலோவை 4 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க 18 குதிரை வேண்டும். "அதான் 22 இருக்கே அக்கா!" என்பான் தம்பி. அங்கேதான் அவனைப் பிடிக்க வேண்டும். சக்தி இருந்தால் போதுமா? பிடி வேண்டாமா? எண்ணெய் சிந்திய தரையில் பயில்வான்கூட பீரோவை நகர்த்த முடியாது. வயலில் ஒரு டிராக்டர் தன் எடையில் பாதியளவு இழுத்தாலே நன்றாக இழுக்கிறது என்று அர்த்தம். அவன் வண்டி ஏறத்தாழ 1,700 கிலோ. பாதி 850. கலப்பையோ 1,200 கேட்கிறது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், டயர் தேயும், டீசல் புகையாகப் போகும், கிளட்ச் தட்டு கருகும். வயல் உழுதபாடில்லை.

இரண்டு சட்டி என்றால்? 800 கிலோ, 12 குதிரை. வண்டிக்கு மூச்சு வாங்காது.

பணம் மட்டும்தான் நஷ்டமென்றால் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேன். தம்பியின் வண்டிப் பெயரில் பாதி ஒரு மனிதரின் பெயர். ஹாரி பெர்குசன் வட அயர்லாந்துக்காரர். 1917இல், முதல் உலக யுத்தத்தின்போது, அயர்லாந்தில் டிராக்டர்களைக் கவனிக்கும் வேலை அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில் கலப்பையைச் சங்கிலியால் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் அது நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. முன்சக்கரம் மேலே எழும்பி, வண்டி மல்லாந்து, ஓட்டுபவர் மேலேயே விழும். இதைப் போக்கவே மூன்று கைகளால் கலப்பையையும் வண்டியையும் ஒரே உடம்பாக்கும் இணைப்பை அவர் உருவாக்கினார். கலப்பையின் இழுவை பின்சக்கரங்களை நிலத்தில் அழுத்தும். மேல்கை முன்பக்கம் எழும்பாமல் தடுக்கும். 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் வெளிவரத் தொடங்கிய அவருடைய சின்னஞ்சிறு சாம்பல்நிற டிராக்டரில்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கே போய்ச் சேர்ந்தார்! அந்த வம்சத்து வண்டிகளைச் சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கம்பெனி நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தது.

ஆகையால் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கலப்பை மாட்டிக்கொண்டால் சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே கட்டி இழுக்கவே கூடாது. கண்மூடித் திறப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும். இழுப்பதற்கென்று தாழ்வாக வைத்திருக்கும் கொக்கியில்தான் கட்ட வேண்டும். மட்கார்டில் குழந்தையை உட்காரவைத்து உழும் பழக்கம் இருந்தால் அதற்கும் இரண்டு திட்டு திட்டுங்கள்.

வண்டிக்குச் சுமை சரியா என்று பார்க்க ஒரு சாக்குக் கட்டி போதும். பின்டயரில் ஒரு கோடு போட்டுக் கலப்பையை மண்ணில் இறக்கி, சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை இரண்டு குச்சி நட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கலப்பையைத் தூக்கிவிட்டு அதே தூரம் ஓட்டிச் சுற்றுகளை எண்ண வேண்டும். ஒன்பது அல்லது எட்டரை வந்தால் பொருத்தம் பேஷ். ஏழு வந்தால் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது. பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிக் கனம் ஏற்றும் வழக்கம் உண்டு, பிடி கூடும். ஆனால் பழைய பற்சக்கரங்களின் மேல் அத்தனை பாரமும் விழும் என்பதையும் நினைக்க வேண்டும். கிழவரைக் கொம்பு சீவி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்பது கொத்துக் கலப்பை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. களி நிலத்தில் இரண்டு கொத்தைக் கழற்றி வைத்துவிட்டால் ஆயிற்று. ரொட்டேவேட்டர் கதை வேறு. அதன் கத்திகள் சுழலும்போது வண்டியையே முன்னால் தள்ளும். ஆகவே பிடியைவிட, பின்தண்டுக்கு வரும் சக்திதான் முக்கியம். 35 குதிரை வண்டிக்கு நாலடி போதும். ஆறடி அகலத்தைப் பார்த்து ஆசைப்பட்டால் எஞ்சின் கரும்புகை கக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். கலப்பையை மாட்டும் கீழ்ப் பின்களின் கனத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். சிறிய வண்டிக்கு 22 மில்லிமீட்டர். பெரிய வண்டிக்கான கலப்பையில் 28. அப்பாவின் வண்டிக் கையில் 28 நுழையவே நுழையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பான். "அப்போ வேண்டாங்கிறியா அக்கா?" என்பான். உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சில மூன்று சட்டிக் கலப்பைகளில் ஒரு சட்டியைக் கழற்றி இரண்டாக்கிக்கொள்ளும் வசதி உண்டு. பக்கத்து ஊர்க்காரருடைய கலப்பை அந்த ரகமா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் போன் செய்யச் சொல்லுங்கள்.