டப்பாவிலா இருக்கிறது தெம்பு?

பட்டாளத்துக்குப் போகத் துடிக்கும் தம்பிகள் விருதுநகர்ச் சீமையின் கரிசல் மண்ணிலே விடியுமுன் ஓடுகிறார்கள். அக்னிவீரர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். கம்பியைப் பிடித்துப் பத்து முறை உடலைத் தூக்கினால் 40. ஓடட்டும், வெல்லட்டும்! ஆனால், அப்பன் பட்டாசு ஆலையிலே உழைத்து வாங்கி வந்த கூலியை, 'தெம்பு தரும் பொடி' டப்பாவிலே கொட்டலாமா என்று கேட்கிறோம்.

லேபிளிலே வீரன் மார் நிமிர்த்தி நிற்கிறானே என்கிறாயா, தம்பி? வண்ண வண்ணமாக லேபிள் அச்சடித்து நாட்டுக்கே அனுப்புவது நம் சிவகாசி அல்லவா! படம் வேறு, பண்டம் வேறு என்பதை நமக்கா சொல்ல வேண்டும்?

அமெரிக்கச் சிப்பாய்கள் இருவர் பயிற்சியின்போது மாண்டார்கள். அவர்கள் உடலிலே தென்பட்டது டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கப் பொருள். சத்துப் பொடிகளிலே கலந்து விற்கப்பட்ட சரக்கு அது. சாவுக்கு அதுவே காரணம் என்று அறுதியிடப்படவில்லை. ஆயினும் 2011 டிசம்பரில் படைமுகாம் கடைகளிலிருந்து அந்தப் பொடிகள் அகற்றப்பட்டன. கலவையிலே எது எவ்வளவு என்று தெரியாத மருந்தைச் சிவகாசித் தொழிலாளி கையால் தொடுவானா? அதை வாயிலே போடுவதா?

எல்லாமே புரட்டு என்று நாம் கூறவில்லை. கிரியேட்டினுக்கும், கட்டங்காப்பியில் உள்ள காஃபினுக்கும் ஓரளவு பலன் உண்டு என்று விஞ்ஞானம் ஒப்புகிறது. அமெரிக்கப் படைப்பயிற்சியிலே சேர்ந்த பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஓட்டத்தில் வேகம் கூடியவர்கள் யார்? இரத்தசோகையோடு வந்தவர்கள்! குறை இருந்தது, மாத்திரை அதை நிரப்பியது. குறையே இல்லாதவன் விழுங்கி என்ன காண்பான்? உடலைப் பெருக்கப் புரதப் பொடி வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் சொல்லிவிட்டது.

சோற்றின் கதையைக் கேளுங்கள். ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி, 1880களில், வெள்ளை அரிசிச் சோற்றைக் குறைத்து இறைச்சியும் வாற்கோதுமையும் சேர்த்தார்; கப்பல்களிலே பெரிபெரி நோய் அடங்கியது. தரைப்படையோ வெள்ளைச் சோறே வீரம் என்று வீம்பு பிடித்தது. 1904-05 ரஷ்யப் போரிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அந்நோயில் விழுந்தார்கள். பகைவன் குண்டாலா? இல்லை, தட்டில் இருந்த குறையால்!

நம் ஆற்காட்டிலே, 1751 முற்றுகையின்போது, சோற்றை வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைக் குடிக்க நம் சிப்பாய்கள் முன்வந்ததாக மெக்காலே எழுதிவைத்தார். விசுவாசம் என்று புகழ்ந்தார். நீரில் கரையும் பி வைட்டமின் கஞ்சியிலே இறங்கியிருக்கும் என்பதை அவர் அறியார்!

விருதுநகர் பஜாரிலே மூட்டை மூட்டையாகப் பருப்பு இறங்குகிறது. நிலக்கடலை இருக்கிறது, கம்பங்கூழ் இருக்கிறது, முட்டை இருக்கிறது. இவ்வளவும் உண்டும் ஓட்டத்திலே மூச்சு வாங்குகிறதா? பொடிக்கடைப் படி ஏறாதே, தம்பி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. இரத்தத்தைச் சோதிக்கச் சொல். இரும்பு மாத்திரை தேவையென்றால் அங்கேயே காசில்லாமல் தருவார்கள்.