உங்களுக்குத் தெரியுமா? பிஸ்டன் மேலேறும்போதும் காற்று உள்ளே வருகிறது

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் கீழ் எல்லையைத் தொட்டு மீண்டும் மேலேறத் தொடங்கிய பின்னரும் உள்ளிழுப்பு வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. விரைந்து வரும் காற்று தன் உந்தத்தால் தொடர்ந்து நுழைவதால், நன்கு வடிவமைக்கப்பட்ட பந்தய எஞ்சினின் சிலிண்டர் தன் கொள்ளளவை மிஞ்சியும் நிரம்புகிறது.

• வால்வு மூடுவதை மிகவும் தாமதப்படுத்தும் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் சுழல்தண்டு, குறைந்த வேகத்தில் பாதகமாகிறது. அப்போது காற்றின் உந்தம் போதாமல், பிஸ்டன் அதை வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது.

• வால்வின் உயர்வு அதன் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கை, 40 மி.மீ. வால்வானால் 10 மி.மீட்டரை, எட்டும்போது சுற்றிலும் திறக்கும் பரப்பு வால்வின் வட்டப் பரப்புக்குச் சமமாகிறது. அதன்பின் பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டிலுள்ள காற்றுவழியான போர்ட்டே எல்லையை வகுப்பதால், போர்ட் இடங்கொடாத நிலையில் கூடுதல் உயர்வு ஸ்பிரிங்குகளை வருத்துவதோடு சரி. ஹெட்டின் காற்றோட்டத்தை முதலில் அளந்துவிட்டுக் கேம்ஷாஃப்டைத் தேர்வதே அறிவார்ந்த முறை.

• 1989இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா இன்டெக்ராவின் வீடெக் எஞ்சின், வேகத்துக்கேற்பக் கேம் முகடுகளை மாற்றிக்கொண்டு, 1.6 லிட்டரில் 160 மெட்ரிக் குதிரைத்திறனை அளித்தது.