ஆபரேஷனுக்கு முன் 'ஃபிட்னஸ்' பார்க்க செல்போன் போதுமா?

"ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் கேட்கும் கேள்வி இது. "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்று சொல்லிவிடுபவர்கள்தான் அதிகம். ஆபரேஷன் தள்ளிப்போனால் போட்ட லீவு வீணாகிவிடுமே!

ஆனால் கேள்வி சாதாரணமானதல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜன்தான் 1 'மெட்'. நிற்காமல் இரண்டு மாடி ஏற சுமார் 4 மெட் தேவை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடலுக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அந்தச் சுமையை இதயமும் நுரையீரலும் தாங்குமா என்பதைத்தான் மருத்துவர் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்.

ஆளைப் பார்த்து, பேசி, மருத்துவர் போடும் கணக்கு எவ்வளவு சரி? 2018-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,401 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. 4 மெட் எட்ட முடியாதவர்களில் சுமார் 19 சதவீதம் பேரை மட்டுமே மருத்துவர்களின் கணிப்பு சரியாகப் பிடித்தது. ஐந்தில் நான்கு பேர் நழுவிவிட்டார்கள். 'டாசி' என்ற, வெறும் 12 கேள்விகள் கொண்ட படிவம், ஆபத்தை அதைவிட நன்றாகக் காட்டியது.

இங்கேதான் செல்போன் வருகிறது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்பது பழைய பரிசோதனை. அதற்கு 30 மீட்டர் நீள வராந்தா வேண்டும்; நெரிசலான மருத்துவமனையில் அதற்கு எங்கே போவது? அதையே போனின் சென்சார், ஜிபிஎஸ் வைத்து அளக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015-லேயே ஆறு நிமிட நடைப் பரிசோதனையோடு ஓர் இதயநல ஆப் வெளியிட்டது. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சொதப்பும் என்பதால் திறந்தவெளிதான் நல்லது.

ஒரகடம் மாதிரி இடத்தில் சிக்கல் வேறு. ஐபோன் தயாராகும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பல ஆலைகளில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்க அது லாக்கரில் தூங்கும். நாள் முழுக்க பளு தூக்கியவரையும் ஆப் 'சோம்பேறி' என்றே காட்டும். லைனில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்பவருக்குக் கால் வலிக்கலாம். அதை வைத்து இதயத்துக்குப் பயிற்சி கிடைத்ததாகச் சொல்லிவிட முடியாது. ஆக, தினசரி ஸ்டெப் கணக்கைவிட, நேரம் வைத்து நடந்த அந்த ஆறு நிமிடம்தான் உருப்படியான தகவல்.

நெஞ்சுவலி, மயக்கம் இருப்பவர்கள் இதைத் தனியாகச் செய்துபார்க்கவே கூடாது. மற்றவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு நடக்கலாம். நடந்த தூரம், நடுவில் எத்தனை முறை நின்றீர்கள், மூச்சு எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டு போய் மயக்கவியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு ஃபிட்டா இல்லையா என்று ஆப் காட்டும் பச்சை 'டிக்' முடிவு செய்யாது. ஈசிஜி, ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து அவர்தான் சொல்வார்.