மூக்கும் சாணைக்கல்லும்

மாடாய் உழைக்கிறான் என்று நாம் சொல்கிற இடத்தில், மூக்கைச் சாணைக்கல்லில் வைத்திருக்கிறான் என்பார்கள் ஆங்கிலேயர்கள். கத்திக்கும் கத்தரிக்கும் பேர் வாங்கிய ஷெஃபீல்டு நகரத்தின் பழைய சாணைப் பட்டறைகளைப் பற்றித் தெரிந்தால் அது மிகைப்பேச்சாகத் தோன்றாது.

அங்கே கல் என்றால் மணற்கல். வட்டமாகச் செதுக்கி, நடுவில் அச்சுக் கோத்து, ஆற்றுநீரில் சுழலும் சக்கரத்தோடு பிணைத்துவிடுவார்கள். பிற்காலத்தில் நீராவி சுழற்றியது. கல்லின் அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடியே சுற்றும். எஃகு சூடேறினால் பதம் போய்விடுமே! கல்லுக்குப் பின்னால் குதிரைச் சேணம்போல ஒரு மர இருக்கை. தொழிலாளி அதன் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, அலகைக் கல்லின்மேல் அழுத்துவார். தீட்டும் விளிம்பை விட்டுக் கண் நகரக் கூடாது. ஆகவே முகம் எந்நேரமும் கல்லுக்கு மேலேதான்.

பிரான்சின் தியேர் ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். துரோல் ஆற்றங்கரைப் பட்டறைகளில் பலகையில் குப்புறப் படுத்துத்தான் சாணை பிடித்தார்கள். ஈரத்திலும் குளிரிலும் கால் விறைக்காமலிருக்க நாயைக் காலின்மேல் படுக்க வைத்துக்கொண்டார்கள். நாய்க்கும் அது ஓர் உத்தியோகம்தான்.

குளிரைவிடக் கொடியது தூசி. ஷெஃபீல்டில் முட்கரண்டி, ஊசி போன்றவற்றை நீரில்லாமல் உலர்கல்லில் தீட்டினார்கள். கல்லின் சிலிக்காத் துகள் நுரையீரலில் தங்கித் தழும்பாகும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அவ்வூர் மருத்துவர் நைட் சொன்ன கணக்கை எங்கெல்ஸ் 1845-இல் வெளியான தம் நூலில் எடுத்துத் தருகிறார்: உலர்கல்லில் வேலை செய்தவர்களின் சராசரி ஆயுள் 35-ஐத் தொடுவதே அரிது, ஈரக்கல்காரர்கள் 45-ஐத் தாண்டுவது அபூர்வம். புதுக் கல்லைச் சுழலவிட்டு எஃகால் சீவி வட்டம் சரிசெய்கையில் இவர்களும் புழுதி குடித்தவர்களே.

தூசியை இழுக்கக் காந்தம் பொருத்திப் பார்த்தார்கள். காந்தம் இரும்புத்தூளைப் பிடிக்கும், கல்தூளை என்ன செய்யும்? தொழிலாளர்களில் சிலரே இத்தகைய பாதுகாப்பை வேண்டாம் என்றார்களாம்: ஆபத்துக் குறைந்தால் தொழிலுக்கு ஆள் பெருகும், கூலி இறங்கும். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கூலி எப்படி நிர்ணயமாகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1890-களில் அமெரிக்கர் எட்வர்டு அச்சிசன் மின்உலையில் கார்போரண்டம் தயாரித்தார். அதன் வழி வந்த செயற்கைச் சாணைக்கற்கள்தான் மணற்கல்லை மெல்லப் பட்டறையிலிருந்து வெளியேற்றின.