12 மீட்டர் குழாயும் கடைமடைத் தண்ணீரும்

நெடுஞ்சாலையில போகும்போது நீங்க பார்த்திருப்பீங்க. நீளமான ஒரு டிரெய்லர், அது மேல கறுப்பு நிறத்துல பெரிய பெரிய இரும்புக் குழாய்கள், ரெண்டு முனையிலயும் மூடி. ஓவர்டேக் பண்ணிட்டு மறந்துடுவோம். அந்தக் குழாய் எங்கிருந்து வருது, எங்கே இறங்குது, முக்கியமா அந்தக் கடைசி ரெண்டு கிலோமீட்டரை எப்படிக் கடக்குது, இதுதான் இன்னைக்கு எபிசோட்.

பைப்லைன்னு சொன்னா எரிவாயு, கசிவு, போராட்டம், இதைப் பத்தி நிறையப் பேசியாச்சு. லாரியைப் பத்தி யாரும் பேசறதில்லை. ஆனா காவிரி டெல்டாவில் பாதித் தகராறு லாரியில் இருந்துதான் தொடங்குது என்பது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

டெல்டாவுக்கும் குழாய்க்கும் பழைய உறவு. நாகை பக்கம் நரிமணத்தில் எண்ணெய், பனங்குடியில் முன்பு இயங்கிய சுத்திகரிப்பு ஆலை, குத்தாலத்திலும் கோவில்களப்பாலிலும் எரிவாயுவில் ஓடும் மின்நிலையங்கள். இவை எல்லாத்தையும் இணைக்கறது மண்ணுக்குள் போகும் குழாய்தான். இது உள்ளூர் வாயு. இது போதாதுன்னு, எண்ணூர் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் திரவ எரிவாயுவுக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் எண்ணூரில் இருந்து நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி வரைக்கும் ஒரு பெரிய பைப்லைன் திட்டம் போட்டது. மொத்தம் சுமார் 1,400 கிலோமீட்டர். அதில் ராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரையான 143 கிலோமீட்டரை 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கி வைத்தார்.

சரி, குழாய்க் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு 24 அங்குல விட்டம், அதாவது 61 சென்டிமீட்டர். தகட்டின் தடிமன் 9.5 மில்லிமீட்டர்னு வெச்சுக்குங்க. மீட்டருக்குச் சுமார் 140 கிலோ வரும். ஒரு குழாயின் நீளம் 12 மீட்டர். ஆக ஒத்தைக் குழாய் 1.7 டன். ஒரு கிலோமீட்டர் பைப்லைனுக்கு இப்படி 84 குழாய் வேணும். டிரெய்லருக்குப் பத்து ஏத்தினா கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது நடை. 30 கிலோமீட்டர் லைன்னா 250 நடை. இத்தனைக்கும் பத்து குழாயோட எடை வெறும் 17 டன்தான். வண்டி அதைவிட அதிகமா இழுக்கும். ஆனா உள்ள காத்து இருக்கே! எடை நிறையறதுக்கு முன்னாடி இடம் நிறைஞ்சிடுது.

ஏன் 12 மீட்டர்? ஆலையில் அதைவிட நீளமா செய்ய முடியாதா? முடியும். 40 அடி டிரெய்லரில் அடங்கணும் என்பதுதான் காரணம். 40 அடி என்பது 12.19 மீட்டர். குழாயோட நீளத்தை லாரி முடிவு பண்ணுது. வட அமெரிக்காவில் ரெண்டு குழாயை முன்கூட்டியே பற்றவைத்து 24 மீட்டராகவே கொண்டு போகும் வழக்கம் உண்டு. வயலில் பற்றவைக்க வேண்டிய இணைப்புகள் பாதியாகக் குறையும். அதற்கு நேரான, அகலமான சாலை வேணும். நம்ம ஊர்ல அப்படி ஒரு வண்டி கும்பகோணத்துக்குள்ள திரும்பறதை நினைச்சுப் பாருங்க.

இந்தியாவில் வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்கணும். நீளத்துக்கும் உயரத்துக்கும் இதே மாதிரி அளவு உண்டு. லோடு அதைத் தாண்டினா அது ‘ஓ.டி.சி.’, தனி அனுமதி வேணும். காற்றாலை இறக்கை, பெரிய டிரான்ஸ்பார்மர் எல்லாம் அந்த வகை. 12 மீட்டர் குழாய் அதில் வராது. தேசிய நெடுஞ்சாலையில் அது சாதாரண லோடு. வாய்க்கால் கரை ரோட்டுக்கு வந்த உடனே அதுவே ராட்சச லோடு ஆயிடுது.

குழாய் ஆலைகள் பெரிசா இருக்கறது குஜராத்தின் கட்ச் பகுதியில், அஞ்சார், முந்த்ரா பக்கம். அங்கிருந்து தஞ்சாவூர் சாலை வழியா 2,000 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் வரலாம், லாரியிலேயே வரலாம், கப்பலில் ஏத்தி ஒரு துறைமுகத்தில் இறக்கி அங்கிருந்து லாரியில் கொண்டு வரலாம். டெல்டாவுக்குக் கையெட்டும் துறைமுகம் காரைக்கால். அடுத்தது தூத்துக்குடி, எண்ணூர், சென்னை. எந்த வழியா வந்தாலும் முதல்ல போற இடம் ‘டம்ப் யார்டு’. நெடுஞ்சாலை ஓரமா குத்தகைக்கு எடுத்த ஒரு திடல். கிரேன் வெச்சு இறக்கி, மணல் மூட்டைகள் மேல அடுக்கி வைப்பாங்க.

இரும்புக் குழாயை ஏன் மணல் மூட்டை மேல வைக்கணும்? மேலே இருக்கற அந்தக் கறுப்புப் பூச்சுதான் விஷயம். முதல்ல எபாக்சி, அதன் மேல் பசை, அதன் மேல் பாலிஎதிலீன். மூணும் சேர்ந்து சில மில்லிமீட்டர்தான். ஈரமான களிமண்ணுக்குள் பல பத்தாண்டு கிடக்கப்போற இரும்பைத் துருப்பிடிக்காமல் காப்பாத்தற முதல் வேலி அதுதான். அதனால சங்கிலி போட்டுக் கட்ட மாட்டாங்க, அகலமான பெல்ட்தான். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் கயிற்று வளையம். பள்ளத்தில் இறக்கறதுக்கு முன்னாடி உயர் மின்னழுத்தக் கருவியை மேலே ஓட்டுவாங்க. பூச்சில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் பொறி தட்டும். தட்டினா ஒட்டுப் போடணும்.

பூமிக்குள் இருக்கும் குழாயைப் பத்தி டெல்டாக்காரங்க ஏன் இவ்வளவு பதற்றப்படுறாங்கன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தேதி போதும். 2017 ஜூன் 30. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் இருந்து கச்சா எண்ணெய் கசிந்து வயலில் பரவியது. ஊர் திரண்டது, தடியடி நடந்தது, மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் ஜெயராமன் உட்படப் பலர் கைதானார்கள். அதுக்கு அப்புறம் டெல்டாவில் குழாய் ஏத்தின லாரி ஊருக்குள்ள வந்தா அது வெறும் லாரி இல்லை.

இப்போ அந்தக் கடைசி ரெண்டு கிலோமீட்டர். ஊராட்சி ரோடு பல இடத்துல நாலு மீட்டர் அகலம்கூட இருக்காது. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல். நூறு அடிக்கு ஒரு மதகு. பால் வண்டிக்கும் டிராக்டருக்கும் கட்டினது. 16 மீட்டர் டிரெய்லர் அந்த வளைவில் திரும்பாது. அதனால ஒப்பந்தக்காரங்க செய்யறது ரெண்டு. ஒண்ணு, யார்டில் சின்ன வண்டிக்கு மாத்தி ரெண்டு மூணு குழாயா கொண்டு போறது. நடை கூடும், செலவு கூடும். இன்னொண்ணு, குழாய் பதிக்க ஒதுக்கின 20 மீட்டர் அளவிலான பட்டையையே ரோடா மாத்திக்கறது. வரப்பை வெட்டி, கிராவல் அடிச்சு, நேரா வயல் நடுவிலேயே வண்டி விடறது. பெரும்பாலும் நடக்கறது ரெண்டாவதுதான்.

இங்கதான் டெல்டாவும் மத்த இடமும் பிரியுது. புஞ்சை நிலத்தில் இப்படி ஒரு பட்டை போட்டா அந்தப் பட்டைக்குத்தான் சேதம். டெல்டாவில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறுன்னு பிரியற தண்ணீர், கிளையாறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால்னு ரத்தக் குழாய் மாதிரி பிரிஞ்சுக்கிட்டே போகுது. பைப்லைன் பட்டை ஒரு கிலோமீட்டர் போகறதுக்குள்ள பல வாய்க்காலைக் குறுக்கே வெட்டும். லாரி போக அந்த இடத்துல எல்லாம் தற்காலிகமா சிமெண்ட் உருளை போட்டு மேல மண் கொட்டுவாங்க. அந்த உருளை வாய்க்கால் அகலத்தில் கால்வாசி இருந்தா அதிர்ஷ்டம். சில இடத்துல உருளையே இருக்காது, வெறும் மண். வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தண்ணி வந்த அன்னைக்குத்தான் தெரியும். அதுவும் அந்த வயல்காரருக்குத் தெரியாது. அவருக்கு மேல்பக்கத்துல தண்ணி நிக்கும். தெரியறது அஞ்சு கிலோமீட்டர் தள்ளி, கடைமடையில இருக்கறவருக்கு. அவர் நிலத்துல குழாயே போயிருக்காது. இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பேரும் இருக்காது.

எல்லாமே தேதிக் கணக்குதான். வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறப்பு. மூணு நாலு நாளில் கல்லணை. அதுக்கு அப்புறம் குறுவை, பின்னாடி சம்பா, தாளடி. அறுவடை முடிய பிப்ரவரி ஆயிடும். அப்போ பிப்ரவரி முதல் ஜூன் வரைக்கும் நிலம் சும்மாதானே இருக்குன்னு சென்னையில் உக்காந்து அட்டவணை போடறவருக்குத் தோணும். இல்லை. அறுவடைக்கு முன்னாடியே ஈரத்துல தெளிச்ச உளுந்தும் பயறும் ஏப்ரல் வரைக்கும் நிக்கும். சில பக்கம் கோடைப் பருத்தி. பம்புசெட் வெச்சிருக்கறவங்க மே மாசமே குறுவை நடவு ஆரம்பிச்சிடுவாங்க. நிஜமாவே காலியா கிடைக்கறது சில வாரங்கள். அதே வாரங்களில்தான் நீர்வளத் துறையின் தூர்வாரும் பணியும் நடக்கும். ஒரு பொக்லைன் வாய்க்காலைத் தூர் எடுக்கும், இன்னொரு பொக்லைன் அதே வாய்க்காலுக்குக் குறுக்கே மண் போடும்.

ஜூன் 12 என்பதும் நிச்சயம் இல்லை. 2019இல் மேட்டூர் திறந்தது ஆகஸ்ட் 13. 2022இல் மே 24, சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. 2024இல் ஜூலை 28. இப்போ குழாய் லோடு ஏதோ காரணத்தால் ஆறு வாரம் தாமதம்னு வெச்சுக்குங்க. துறைமுகத்தில் கிரேன் கிடைக்கலை, ஆலையில் லேட், என்னவோ. ஒப்பந்தத்தில் முடிக்க வேண்டிய தேதி மட்டும் நகராது. அப்போ வண்டி எங்கே இறங்கும்? பயிர் நிக்கற வயல்ல. 2019 மே மாதம் மாதானம், மேமாத்தூர் இடையே கெயில் நிறுவனம் குழாய் பதித்தபோது, செம்பனார்கோயில் வட்டாரத்தில் பயிர் இருந்த வயல்களில் இயந்திரம் இறங்கியதாக விவசாயிகள் கொதித்தது இப்படி ஒரு நேரத்துலதான்.

சட்டம் என்ன சொல்லுது? 1962ஆம் ஆண்டு பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டம். நிலம் உங்க பேர்லயே இருக்கும், அடியில் குழாய் போட உரிமை மட்டும் எடுத்துக்குவாங்க. அதுக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர், மரச் சேதத்துக்குத் தனி இழப்பீடு. அந்தப் பட்டையில் நீங்க விவசாயம் பண்ணலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. டெல்டாவை 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சாங்களே, அதுன்னு கேக்கலாம். அந்தச் சட்டம் புதுசா எண்ணெய், எரிவாயு தோண்டறதைத் தடுக்குது. ஏற்கெனவே இருக்கற குழாய்களை எடுக்கச் சொல்லலை.

சட்டத்தில் இருக்கும் இழப்பீடு, சேதம் நிகழ்ந்த இடத்தோடு நிக்குது. ஆனா நீர்ப்பாசனத்தில் சேதம் நகரும். இது எனக்குப் பெரிய ஓட்டையாத் தெரியுது. நெல் வயலுக்குச் சமமட்டம்தான் உயிர். 250 நடை வண்டி ஓடி அமுங்கின பட்டை கொஞ்சம் தாழ்ந்தா, அல்லது அள்ளாம விட்ட கிராவல் கொஞ்சம் மேடா நின்னா, ஒரு ஓரம் மூழ்கும், ஒரு ஓரம் காயும். வடிகாலை அடைச்ச மண் ஐப்பசி மழையிலதான் தன் வேலையைக் காட்டும். அதுக்குள்ள ஒப்பந்தக்காரர் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருப்பார்.

ஆத்தைக் கடக்கறது இதைவிடச் சுலபம்னு சொன்னா நம்புவீங்களா? கொள்ளிடம் மாதிரி அகலமான ஆத்துக்கு அடியில் கிடைமட்டமாகத் துளை போட்டு, ஒரு கரையில் முழு நீளத்துக்கும் பற்றவைத்து வெச்ச குழாயை மறு கரைக்கு இழுத்துடுவாங்க. ஆத்துத் தண்ணிக்குத் தொந்தரவே இல்லை. செலவு அதிகம், ஆனா செய்யறாங்க, ஏன்னா ஆத்தை மறிச்சா ஊருக்கே தெரியும். ரெண்டு மீட்டர் வாய்க்காலுக்கு அந்த மரியாதை கிடைக்கறதில்லை.

டெல்டாவில் சொந்தக்காரங்க இருக்கற நேயர்களுக்கு ஒரு வேலை. ஊர்ப் பக்கம் குழாய் லாரி வருதுன்னா, வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே மூணு விஷயத்தை எழுத்தில் கேக்கச் சொல்லுங்க. எந்தெந்த வாய்க்கால், வடிகாலில் தற்காலிக மண்பாதை வருது? ஒவ்வொண்ணையும் எந்தத் தேதிக்குள் எடுப்பாங்க, மேட்டூர் முன்கூட்டியே திறந்தா என்ன? எடுத்தாச்சுன்னு கையெழுத்துப் போட வேண்டியது யார்? கோரிக்கையை ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுக்கும்போது கடைமடை ஊர்க்காரர் ஒருத்தரையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.