சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மாணவராக மாறலாமா? அமெரிக்க விசா: சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்கு உதவியாகப் போன தங்கைக்கு, பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க ஆசை வருகிறது. ‘விசிட்டர் விசா கையில் இருக்கிறதே, முதலில் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று வேறொரு குடும்பத்துக்கு ஏஜென்ட் ஒருவர் யோசனை சொல்கிறார். இருவரும் கேட்பது ஒரே கேள்விதான். ஆனால், சட்டம் இருவரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நிலத்தை அடமானம் வைத்து, நகையை விற்றுப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பி-2 என்ற சுற்றுலா விசாவில் அமெரிக்கா போனவர், ஊர் திரும்பாமலேயே எஃப்-1 என்ற மாணவர் தகுதிக்கு மாற முடியுமா?

முடியும். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவு முறையில் அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றில் இடம் வாங்கி, அது தரும் ஐ-20 படிவத்தைப் பெற வேண்டும். செவிஸ் கட்டணமாக 350 டாலர் செலுத்த வேண்டும். பிறகு ஐ-539 என்ற விண்ணப்பத்தைக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறைக்கு அனுப்ப வேண்டும். 2024 ஏப்ரலில் மாற்றப்பட்ட கட்டணப்படி ஆன்லைனில் அனுப்பினால் 420 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 470 டாலர். முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம், படிப்பு முடிந்ததும் திரும்புவதற்கான காரணங்கள், திட்டம் ஏன் மாறியது என்ற விளக்கம் ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

ஆனால், இந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் பாஸ்போர்ட்டில் மாணவர் விசா ஒட்டப்படாது. மாறுவது ‘ஸ்டேட்டஸ்’ மட்டுமே. விசா என்பது நாட்டின் வாசல்வரை வந்து உள்ளே நுழைய அனுமதி கேட்பதற்கான சீட்டு. ஸ்டேட்டஸ் என்பது உள்ளே வந்தபின் எந்தத் தகுதியில் இருக்கிறோம் என்பது. பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

பத்து வருட விசா இருக்கிறது. பிறகு என்ன அவசரம்?

பத்து வருடம் என்பது நாட்டுக்குள் நுழைவதற்கான காலவரம்பு. ஒரு பயணத்தில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் எல்லைக் காவல் அதிகாரி முடிவு செய்கிறார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும்; இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கிடைக்கும். ஐ-539 விண்ணப்பம் அந்தத் தேதிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் பொதுவாக நிராகரிப்புதான். விசாவும் செல்லாமல் போகும்.

‘முதலில் டூரிஸ்ட்டாகப் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். படிக்கும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு ‘சுற்றிப் பார்க்கப் போகிறேன்’ என்று தூதரக அதிகாரியிடமோ விமான நிலையத்திலோ சொன்னால், அது அமெரிக்கச் சட்டத்தில் பொய்த் தகவல் கொடுத்து அனுமதி பெற்ற குற்றம். நிரூபணமானால் வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை. இந்தத் தடைக்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்ற கெடு எதுவும் இல்லை.

எண்ணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்கலாம். தேதிகளே காட்டிக்கொடுத்துவிடும். கல்லூரிக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள், ஐ-20 எந்தத் தேதியில் வந்தது, எப்போது விமானம் ஏறினீர்கள் என்று எல்லாமே பதிவில் இருக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை 2017 செப்டம்பர் முதல் 90 நாள் கணக்கு ஒன்றைக் கடைப்பிடிக்கிறது. நாட்டுக்குள் வந்து 90 நாட்களுக்குள், அனுமதி பெறாமல் படிப்பில் சேர்வது போல, வந்த நோக்கத்துக்கு மாறாக ஒருவர் நடந்துகொண்டால், வரும்போதே பொய் சொன்னார் என்று தூதரகம் கருத இடமுண்டு. அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. குடிவரவுச் சேவைத் துறையை இந்தக் கணக்கு கட்டுப்படுத்தாது. அதற்காக, 91-ஆம் நாள் விண்ணப்பித்தால் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. எண்ணம் என்னவாக இருந்தது என்பதைத்தான் இரண்டு துறைகளும் பார்க்கின்றன.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கவும், கைப்பேசியைச் சோதிக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. சுற்றுலா விசாவில் வருபவரின் பெட்டியில் அசல் மதிப்பெண் பட்டியல்களும் கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் இருந்தால் கேள்வி எழும். வெளியேற்ற உத்தரவு போட்டு அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம். அந்த உத்தரவின்படி வெளியேற்றப்பட்டால் ஐந்து வருடம் நுழைய முடியாது. ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷனைத் திருப்பி வாங்க முடியுமா என்பதை அனுபவப்பட்ட குடும்பங்களிடம் கேளுங்கள்.

நேர்மையாகப் போக விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது. ‘இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களை நேரில் பார்த்து முடிவெடுக்கப் போகிறேன்’ என்று விசா நேர்காணலிலேயே சொல்லிவிடலாம். அதிகாரி ஏற்றுக்கொண்டால், ‘மாணவராகக் கூடியவர்’ என்ற குறிப்பை விசாவிலேயே பதிவார். அந்தக் குறிப்போடு போனவர் பிறகு ஸ்டேட்டஸ் மாற்றக் கேட்கும்போது, நோக்கத்தை மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே வகுப்புக்குப் போகலாமா?

கூடாது. கல்லூரி சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தாலும் கூடாது. ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்தாலும் ஸ்டேட்டஸை மீறியதாகும், மாற்றம் மறுக்கப்படும்.

ஒரு காலத்தில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. சுற்றுலாப் பயணியாக வந்தவர், மாற்றம் கேட்டு விண்ணப்பித்துவிட்டு வகுப்பைத் தொடங்கிவிட முடிந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களை ஓட்டிய முகமது அட்டாவும் மர்வான் அல் ஷெஹியும் ஃபுளோரிடாவின் வெனிஸ் நகரில் விமானப் பயிற்சி எடுத்தது பார்வையாளர்களாக வந்துதான். இருவரும் தொழிற்கல்வி மாணவர் ஸ்டேட்டஸ் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். அது ஏற்கப்பட்டதைத் தெரிவிக்கும் கடிதங்கள் 2002 மார்ச்சில், தாக்குதல் நடந்து சரியாக ஆறு மாதம் கழித்து, அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. நாடே கொதித்தது. அடுத்த மாதமே, சுற்றுலா ஸ்டேட்டஸில் இருப்பவர் அனுமதி கையில் கிடைக்கும்வரை படிப்பைத் தொடங்கக் கூடாது என்ற விதி வந்தது. இன்றைக்கு ஒரு தமிழ்ப் பெண் தன் அக்கா வீட்டில் மாதக்கணக்கில் காத்திருப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

பொழுதுபோக்காகச் சில நாள் சமையல் வகுப்பு, ஓவிய வகுப்பு போன்றவற்றுக்குத் தடை இல்லை. பட்டத்துக்குக் கணக்கில் சேராத படிப்பாக அது இருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? நடுவில் ஆறு மாதம் முடிந்துவிட்டால்?

பல மாதங்கள் ஆகலாம். 2023 முதல் கூடுதலாக ஏறக்குறைய 2,000 டாலர் கட்டி விரைவு முறையிலும் கேட்கலாம். 30 வேலை நாட்களில் பதில் வரும். தொடங்க வேண்டிய பருவத்துக்குள் முடிவு வராவிட்டால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லி, ஐ-20-இல் தொடக்கத் தேதியை அடுத்த பருவத்துக்கு மாற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் படிப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்புவரை சுற்றுலா ஸ்டேட்டஸை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதால், நீட்டிப்பு கேட்டு மேலும் மேலும் விண்ணப்பங்கள் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் அந்தத் தொல்லை நீக்கப்பட்டது. இப்போது முதல் விண்ணப்பம் போடும் நாளில் தங்கும் காலம் முடியாமல் இருந்தால் போதும். முடிவு வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகிவிடும்.

மாணவர் ஸ்டேட்டஸ் கிடைத்துவிட்டது. அண்ணன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து திரும்பலாமா?

வரலாம். திரும்பிப் போவதுதான் கேள்விக்குறி. பாஸ்போர்ட்டில் இருப்பது இன்னமும் சுற்றுலா விசாதான். அதை வைத்துக்கொண்டு மாணவராக நுழைய முடியாது. சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள துணைத் தூதரகத்தில், அல்லது இந்தியாவின் வேறு அமெரிக்கத் தூதரகத்தில், 185 டாலர் கட்டி, டிஎஸ்-160 படிவம் நிரப்பி, எஃப்-1 விசாவுக்கு முதலிலிருந்து நேர்காணலுக்குப் போக வேண்டும். ‘சுற்றிப் பார்க்கப் போனவர் ஏன் படிக்க உட்கார்ந்தீர்கள்?’ என்ற கேள்வி அங்கே வந்தே தீரும். அமெரிக்காவுக்குள் ஒரு துறை ஏற்றுக்கொண்டது என்பதற்காகத் தூதரகம் விசா கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்து நாடான மெக்சிகோவிலோ கனடாவிலோ போய் விசா வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையும் இப்போது பலிக்காது. சொந்த நாட்டில், அல்லது குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வெளியுறவுத் துறை அறிவித்துவிட்டது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடப் படிப்பில் ஒரு பருவம் முடிந்திருக்கிறது. வங்கியில் கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு மாரடைப்பு என்று போன் வருகிறது. கிளம்பி வந்தால், விசா மறுக்கப்பட்டால், படிப்பு பாதியில் நிற்கும், கடன் நிற்காது. வராமல் இருந்தால் அந்த வலி வேறு. முறையான மாணவர் விசாவோடு போனவருக்கு இந்த நெருக்கடி பெரும்பாலும் இல்லை.

அதனால்தான், உண்மையாகவே மனம் மாறியவர்களுக்கும்கூட, அவகாசம் இருந்தால் ஊர் திரும்பி எஃப்-1 விசாவோடு போவதே நல்லது என்பேன். விமானச் செலவும் நேர்காணல் பதற்றமும் உண்டு என்பது தெரியும். ஆனால், அங்கேயே ஸ்டேட்டஸ் மாற்றுவதால் சென்னை நேர்காணல் தவிர்க்கப்படுவதில்லை, தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போடும்போது பணயமும் கூடிவிடுகிறது. குடும்பச் சூழலால் ஊர் திரும்பவே முடியாதவர்களும், ஒரு வருடத்துக்குள் முடியும் குறுகிய படிப்பில் சேர்பவர்களும் அங்கேயே மாற்றிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

மறுத்துவிட்டால்?

மேல்முறையீடு கிடையாது. மறுபரிசீலனை மட்டும் கேட்கலாம். ஐ-94 தேதி ஏற்கெனவே முடிந்திருந்தால், மறுப்புக்கு அடுத்த நாளிலிருந்து சட்டவிரோதத் தங்கல் எண்ணப்படும். 180 நாளைத் தாண்டிவிட்டு வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடத்தைத் தொட்டுவிட்டால் பத்து வருடத் தடை. மறுப்புக் கடிதம் வந்தவுடன் டிக்கெட் போட வேண்டும்.

சுவிஸ், பிரான்ஸ், பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஈழத்தமிழ் உறவினர்கள் விசாவே இல்லாமல் அமெரிக்கா போகிறார்களே, அவர்கள் மாற்றிக்கொள்ளலாமா?

முடியாது. எஸ்டா என்ற முன் அனுமதியோடு விசா விலக்கில் நுழைகிறவர்களுக்கு ஸ்டேட்டஸ் மாற்றும் உரிமை இல்லை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் இதே விதிதான். அவர்கள் திரும்பிப் போய் மாணவர் விசா எடுத்து வர வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

இன்னும் கடுமை. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல், பார்வையாளர் விசாவில் இருப்பவர் நாட்டுக்குள்ளிருந்தே மாணவர் விசா கேட்க முடியாது. பிரிட்டனில் பார்வையாளராக இருந்துகொண்டு ஆறு மாதம்வரை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படிக்கலாம். ஆனால் மாணவர் விசாவாக அங்கேயே மாற்ற முடியாது. கனடாவிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு அனுமதி தேவையில்லை. அதைவிட நீண்ட படிப்புக்குப் பொதுவாக வெளியிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நாட்டின் விதியைக் காட்டி இன்னொரு நாட்டுக்கு ஆள் பிடிக்கிறார்கள், கவனம் தேவை.

மகன் வீட்டுக்குப் போகும்போது பேரப்பிள்ளையையும் கூட்டிப் போய் அங்கே பள்ளியில் சேர்க்கலாமா?

பி-2-இல் இருக்கும் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதும் மீறல்தான். எஃப்-1 ஸ்டேட்டஸில்கூட அரசு தொடக்கப் பள்ளியில் சேர முடியாது. அரசு உயர்நிலைப் பள்ளியில் முழுச் செலவையும் கட்டி அதிகபட்சம் 12 மாதம் படிக்கலாம். தனியார் பள்ளிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பெற்றோரில் ஒருவர் எஃப்-1 மாணவராகவோ எச்-1பி ஊழியராகவோ இருந்தால் கதை வேறு. அவர்களுடைய பிள்ளைகள் எஃப்-2 அல்லது எச்-4 விசாவில் போய்ப் பள்ளியில் தாராளமாகப் படிக்கலாம். எச்-4-இல் இருக்கும் மனைவியோ கணவரோ முழுநேரப் பட்டப்படிப்பே படிக்கலாம். எஃப்-2-இல் இருப்பவருக்குப் பகுதிநேரப் படிப்பு மட்டும். இந்தத் தகுதி உள்ளவர்கள் அவசரத்துக்காகச் சுற்றுலா விசாவில் போய் மாட்டிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. விண்ணப்பிக்கும்போதே குடும்பத்தினரின் விசாவாகக் கேட்டால் போதும்.